மனைப்பிரிவுப் பூங்காவில் ஆடிப்பட்டம்

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடை சுற்றுவட்டாரத்தில் புதிதாக மனை போட்ட எந்த நகருக்குள் நுழைந்தாலும் இப்படி ஓர் இடம் கண்ணில் படும். சுற்றிலும் கம்பி வேலி, துருவேறிய பலகை, உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். பொதுப் பயன்பாட்டுக்கென்று மனைப்பிரிவு போட்டவர்கள் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட நிலம் அது. எங்கள் நகரில் ஐந்து சென்ட் சொச்சம். ஊஞ்சலும் சறுக்கும் வரும் வரும் என்று காத்திருந்த பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். வருகிறபோது வரட்டும், அதுவரை தோட்டம் போடலாமே என்று நலச்சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது.

அனுமதிக் கதையை நீட்டவில்லை. கட்டடம் எழுப்பக் கூடாது, கேட்டைப் பூட்டக் கூடாது, கேட்கும்போது இடத்தை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு எழுத்தில் வாங்கிக்கொண்டோம். வாய்வார்த்தையை நம்பி மட்டும் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். சும்மா கிடக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், காய் தொங்க ஆரம்பித்ததும் "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று ஆள் வருவார்கள்.

முதல் வேலை முள்ளை எடுப்பது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயத்தில் இங்கேயும் ஜேசிபி வந்து போயிருக்கிறது. தரையோடு வழித்துவிட்டுப் போனதில், ஒற்றைத் தண்டாக இருந்ததெல்லாம் ஐந்தாறாகத் துளிர்த்து நின்றது. இந்த மரத்தின் துளிர்மொட்டு தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அந்தக் கட்டையோடு ஓர் அடி ஆழம் தோண்டி எடுத்தால்தான் தீரும். ஆளுக்கொரு தூர் என்று பிரித்துக்கொண்டு கடப்பாரையும் கோடாரியுமாக இறங்கினோம். வெட்டிய முள்ளை எரிக்கவில்லை, ஒரு மூலையில் குவித்தோம். அதன் பயன் பின்னால் வரும்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வந்துவிடும். மிச்சம் இருந்த பச்சையையும் மண்வெட்டியால் ஒரேயடியாகச் செதுக்கிவிடுவதாகத்தான் திட்டம். அப்போதுதான் தெருக்கோடி வீட்டு அப்பத்தா கைத்தடியோடு வந்து வேலி ஓரம் நின்றார். மேலூர்ப் பக்கம் வயல்வேலை பார்த்தே வயசானவர்.

"ஏப்பா, அதை ஏன் செதுக்குறீங்க? பண்ணைக்கீரை அது. ரெண்டு நாள் பொறுத்தா ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும்ல."

உள்ளே வந்து குந்த வைத்து உட்கார்ந்தவர், கைத்தடியைப் பக்கத்தில் போட்டுவிட்டு ஒவ்வொரு செடியாக நுனியைக் கிள்ளிக் காட்டினார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விடுகிறதே, அது பண்ணைக்கீரை. கதிர் வந்த பிறகு நார் ஏறிவிடும், அதற்கு முன்னே கிள்ள வேண்டும். தண்டை நகத்தால் அழுத்தி 'டக்'கென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் விட்டுவிடச் சொன்னார். பக்கத்தில் தரையோடு ஓடியது மூக்கரட்டை. கொத்தாக நின்றது தொய்யக்கீரை. இலை தடித்துச் சதைப்பற்றோடு படர்ந்திருந்த சாரணையைக் காட்டி, "இது கொழுந்து மட்டும்தான். வெந்த தண்ணியைக் கொட்டிறணும், இல்லாட்டி வயித்தைப் போக்கிரும்" என்றார். குப்பைமேனியைத் தடியால் தட்டி, "இது பூனைக்கு, உங்களுக்கில்ல" என்று சிரித்தார். அதன் வேரைத் தோண்டிப் போட்டால் பூனை வந்து புரளும் என்பது உண்மைதான், பிறகு பார்த்தோம்.

அன்றைக்கு அந்த இடத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த மூலையில் என்ன முளைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். சாக்கடை ஓரத்தில் கோரை. தெற்கே ஆள் நடந்து நடந்து இறுகிய தடத்தில் நெருஞ்சி. ஒரு காலத்தில் யாரோ மாடு கட்டியிருந்த கிழக்கு ஓரத்தில் சாரணை கொழுத்துக் கிடந்தது. மண்ணைத் தோண்டியபோது தாளும் தரையும் ஒத்துப்போயின. கோரை இருந்த இடத்தில் ஓர் அடிக்குக் கீழே ஈரம் தேங்கியிருந்தது, நெருஞ்சித் தடத்தில் கடப்பாரையே துள்ளியது. மாடு கட்டிய இடத்தில் மட்டும் மண் கறுத்து, பொலபொலவென்று வந்தது. எதை எங்கே போடுவது என்பதைப் பெரும்பாலும் இந்தத் தாள்தான் முடிவு செய்தது.

மற்ற இடமெல்லாம் சோதனைதான். மேலே அரை அடிக்கு, வீடு கட்டியவர்கள் கொட்டிய சாந்துக் கட்டி, செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு. கீழே செம்மண் சரளை, நடுநடுவே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். சாந்திலும் சுக்கானிலும் சுண்ணாம்பு இருக்கிறது; ஒரு கட்டியில் வினிகர் விட்டால் நுரைத்துக்கொண்டு வரும். பிள்ளைகளிடம் இதைச் செய்து காட்டியதில் வீட்டு வினிகர் பாட்டில் காலியானதுதான் மிச்சம். ஆனால் அதற்கப்புறம் சாந்துக்கட்டி பொறுக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

மண் மாதிரி எடுப்பதற்கு முறை இருக்கிறது. மர நிழலையும் குப்பை போட்ட இடத்தையும் தவிர்த்து, ஐந்தாறு இடங்களில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு ஆறு அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சீவி எடுத்து, எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை ஒதுக்க வேண்டும். அரை கிலோ ஆகும்வரை இப்படியே. அதை நிழலில் உலர்த்திப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மண்ணின் அமில காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தது, அதாவது கார மண். இத்தனை சுண்ணாம்பில் இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பின்னாளில் வெண்டையில் அப்படியே வந்தது. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்ததில் புது இலைகள் பச்சையாக வந்தன.

"ரெண்டு டிப்பர் செம்மண் இறக்கிட்டா வேலை முடிஞ்சிச்சு. எதுக்குக் கிடந்து மல்லுக்கட்டுறீங்க?" என்று கொத்தனார் அண்ணன் கேட்டார். நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. லோடு செம்மண் என்பது எங்கேயோ ஒரு மேட்டைத் தோண்டி வருவது. மக்கு எதுவும் இல்லாத மண், முதல் மழைக்கே ஓடு கட்டிவிடும். கண்மாய் வண்டல் வேறு சங்கதி, அது நல்ல மண். ஆனால் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும்தான் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி கொடுக்கிறார்கள். பட்டா இல்லாத பூங்கா இடத்துக்கு அதை எந்தக் கணக்கில் போய்க் கேட்பது? சரி, மண்ணை நாமே செய்வோம் என்று இறங்கினோம்.

தோட்டத்தைவிட எனக்குச் சுவையாக இருந்தது இந்தக் கட்டம்தான். பத்து வருடமாக வண்டியில் கடந்துபோன ரோட்டை, மக்குக்குப் பொருள் தேடி நடந்து பார்த்தோம். மேலூர் ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டியில் மாலைக்குள் ஒரு சாக்குச் சக்கை சேர்கிறது. வண்டிக்காரருக்கு அதைக் கழிப்பதே தலைவலி. சாக்கைக் கொடுத்து வைத்தால் நிரப்பி வைத்துவிடுகிறார். டீக்கடை அண்ணன் தேயிலைச் சக்கையை வாளியில் எடுத்து வைத்தார். கோடையில் நுங்கு எடுத்த பிறகு மிஞ்சும் கூந்தல் தெருத்தெருவாய்க் குவிகிறது. அதைக் கவிழ்த்துச் செடியைச் சுற்றி அடுக்கினால் மண்ணை மூடி ஈரம் காக்கிற அருமையான மூடாக்கு. குழிப்பக்கம் மேலே இருந்தால் மட்டும் மழைத்தண்ணி தேங்கிக் கொசு வைக்கும். கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் சணல் சாக்கு மலிவாகக் கிடைக்கிறது, கூடவே சருகும். பருத்திப்பால் கடைக்காரரிடம் பருத்திக்கொட்டைச் சக்கை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது மாட்டுக்குப் போகுது தம்பி, உங்களுக்கு ஒரு கிளாஸ் பால் வேணா ஊத்துறேன்" என்றார். சுக்கும் ஏலமும் தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடிகாலை ஏலம் முடிந்த பிறகு, விற்காத செவ்வந்தியும் கேந்தியும் நசுங்கிய ரோஜாவும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பூ ஈரப்பசை உள்ள பச்சைப் பொருள், கரும்புச் சக்கை காய்ந்த பொருள். சக்கை இரண்டு கூடைக்குப் பூ ஒரு கூடை என்று அடுக்கி, இடையிடையே சாணிக் கரைசல் தெளித்தோம். குவியல் மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். நான்காம் நாள் கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாது. கட்டிய பூவாக வந்தால் நாரைப் பாருங்கள். வாழைநார் மக்கிவிடும், பாலியெஸ்டர் நூல் மண்ணுக்குள் அப்படியே கிடந்து, பின்னால் களைக்கொத்தியில் சுற்றும். இன்னொன்றும் உண்டு. ரோஜாவுக்கும் மல்லிக்கும் மருந்து அடிப்பது அதிகம். பூ போட்டு மக்கிய உரத்தைக் கீரைக்குப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அது பந்தலுக்கும் வேலி ஓரத்துக்கும் போனது. கீரைக்கு ஆட்டுப்புழுக்கை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்களிடம் சாக்குக் கணக்கில் வாங்கலாம். அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கல்லு மாதிரி கிடக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மரக்கட்டையால் தட்டி, மக்கிய குவியலோடு கலந்து போட்டோம்.

பாத்தி நான்கடி அகலம். இரண்டு பக்கமும் குந்தியிருந்து கை நீட்டினால் நடு எட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நடக்கிற வழி ஒன்றரை அடி. மேட்டுப்பாத்தியா, தாழ்பாத்தியா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதம் நடந்தது. படம் போட்டுக் காட்டுகிறவர்கள் எல்லாரும் மேட்டுப்பாத்திதான் போடுகிறார்கள். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 85 செ.மீ. மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். ஆடியில் காய்ந்த மேல்காற்று மண்ணை உறிஞ்சும். அந்தக் காற்றில் மேட்டுப்பாத்தி போட்டால் தண்ணி ஊற்றியே கை ஓய்ந்துவிடும். ஆகவே ஆடியில் தரைமட்டப் பாத்தி, சுற்றிலும் வரப்பு. புரட்டாசியில் வழித்தடத்து மண்ணை எடுத்து மேலே அணைத்துப் பாத்தியை உயர்த்துவது, வழித்தடம் வாய்க்காலாகிவிடும். கோரை முளைத்த மூலையில் மட்டும் ஆரம்பத்திலேயே மேடு. அங்கே சேம்பும் கல்வாழையும் வைத்து, பக்கத்து இரண்டு வீட்டுச் சமையலறைத் தண்ணீரை அந்தக் கல்வாழை வழியாகவே விட்டோம்.

பந்தல் எங்கே போடுவது என்பதில் ஒரு சுவாரஸ்யம். உயரமானதை வடக்கே வை, நிழல் மற்றதன்மேல் விழாது என்பார்கள். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரிக்குள்தான் இருக்கிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், மறுபடி ஆகஸ்ட் கடைசியில் வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. ஒரு சவுக்குக் கம்பை நட்டுப் பிள்ளைகளோடு நிழலைச் சுண்ணாம்பால் குறித்தபோது பெரியவர்களே நம்பவில்லை. வடக்குப் பந்தல் மார்கழி தைக்கு உதவும். வைகாசி ஆனியில் அதன் தென்பக்கத்தில் உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும், அது கீரைக்கு நல்லதுதான். வடக்கிலேயே போட்டோம். பீர்க்கும் புடலையும் ஏறியிருக்கின்றன.

தண்ணீர்தான் நிரந்தரக் கவலை. எங்கள் போர்த்தண்ணி உப்பு. துணி துவைத்தால் நுரை வராது. ஆர்ஓ இயந்திரம் கழிக்கிற தண்ணீரையும் சேர்க்கலாமே என்று யோசனை வந்தது, வேண்டாம் என்று தள்ளினோம், அதில் உப்பு இன்னும் கூடுதல். வெயில் நாளில் சதுர மீட்டருக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகிப் போகிறது. அறுபது சதுர மீட்டர் பாத்தி என்றால் 300 லிட்டருக்குக் குறையாது. மூடாக்கு போட்டால் பாதியில் சமாளிக்கலாம். கிழிந்த சணல் சாக்கு, கரும்புச் சக்கை, தென்னை மட்டை என்று கிடைத்ததெல்லாம் மூடாக்கு. ஊற்றுவது மாலையில் மட்டும், அதுவும் தூருக்கு.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தோம். அரைக்கீரை, தண்டங்கீரை விதையை நாலு மடங்கு மணலோடு கலந்து தூவி, விரலால் லேசாகக் கோதிவிட்டால் போதும். மறுநாள் காலையில் வரப்பு ஓரம் கறுப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்பு, ஆளுக்கொரு விதையோடு. அப்பத்தாவிடம் சொன்னதற்கு, "அதுக்கும் பசிக்கும்ல? நொய்யை வரப்பைச் சுத்திப் போடு, விதையை விட்டுட்டு அதைத் தூக்கும்" என்றார். அப்படியே ஆயிற்று. கத்தரி நாற்றங்கால் தனி. முப்பது முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நட்டோம். வெண்டை, சீனியவரை, தட்டாம்பயறு நேர் விதைப்பு. தட்டாம்பயற்றில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பியது. மருந்து அடிக்கத் துடித்தவர்களைப் பிடித்து வைத்தேன். ஒரு வாரத்தில் பொறிவண்டு வந்து வேலையைப் பார்த்துக்கொண்டது. கத்தரிக் காய்ப்புழுவுக்கு அப்படி யாரும் வரவில்லை. வாடிய குருத்தை ஒடித்து எரிப்பதும், துளை விழுந்த காயைப் பொறுக்குவதும்தான் வழி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தோம். கொஞ்சம் குறைகிறது, அவ்வளவே.

உண்மையான எதிரி மயில். யானைமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கீரை இரண்டு இலை விட்ட அன்று காலையில் ஒரு குடும்பமே பாத்திக்குள் நின்றது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, போதாததற்கு முருகனின் வாகனம். கல்லெறியவும் யாருக்கும் கை வராது. பளபளப்பு நாடா கட்டினோம். சில நாள் ஒதுங்கி நின்றுவிட்டு, அப்புறம் அதன் கீழேயே நின்று மேய்ந்தது. வயல்காரர்களைப் பார்த்துப் பழைய சேலைகளை வேலி நெடுகக் கட்டினோம். சேலை பாத்தியை மறைப்பதால் ஓரளவு பலன் தெரிந்தது. கடைசியில் கைகொடுத்தது மூலையில் குவித்த சீமைக்கருவேல முள். நாற்றுப் பாத்திமேல் ஒரு சாண் உயரத்துக்கு முள்கொப்பைப் பரப்பினால் மயில் கால் வைப்பதில்லை, செடி முள்ளுக்குள் நுழைந்து வளர்ந்துகொள்கிறது. அரை அடி உயர்ந்ததும் கொப்பை அடுத்த பாத்திக்கு மாற்றலாம். வலை வாங்க ஒதுக்கிய பணத்தில் முழங்கால் வரை மூடுகிற பூட்ஸ் வாங்கினோம், ஏனென்றால் மயிலுக்குக் குத்துகிற முள் நமக்கும் குத்தும்.

பாத்திகளை வீட்டுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கச் சிலர் கேட்டார்கள். பிரிக்கவில்லை. ஊருக்குப் போனவர் பாத்தி காயும், அதைப் பார்த்து அடுத்தவருக்கும் மனசு விட்டுப்போகும். வேலையை நாள் முறை வைத்தோம். கீரை அறுக்கிற அன்று வந்தவர்களுக்குக் கட்டு, வராதவர் வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களுக்கும் கட்டு. அப்பத்தாவுக்குக் களைப்பாத்தி. வேலி ஓரமாக ஒரு வரிசையில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மூக்கரட்டையும் முளைத்தபடி விட்டிருக்கிறோம், அதில் மண்வெட்டி வைக்க அவரைக் கேட்க வேண்டும். மழைக்குப் பிறகு அந்த வரிசையில் கிள்ளுகிற கீரைதான் முதலில் தீர்கிறது. பிரண்டை யாரோ ஒரு வீட்டு மதிலில் இருந்து இரண்டு கணு வந்தது, இப்போது கம்பி வேலியைக் காணோம்.

பெண்கள் முதல் கூட்டத்திலிருந்தே கேட்டது மல்லி. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும். நாற்று எங்கே நல்லது என்று பூ மார்க்கெட்டில் விசாரித்தால், ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தைச் சொல்கிறார்கள். மணற்பாங்கான அந்தக் கடலோரத்தில் பதியம் போட்டு வேர்விட்ட நாற்றுதான் இங்கே தோட்டங்களுக்கு வருகிறதாம். தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் போய்வரும்போது ஒரு கட்டு கொண்டுவந்தார். மாடு கட்டியிருந்த கிழக்கு ஓரத்தில், நாலடிக்கு ஒன்றாக நட்டிருக்கிறோம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொட்டையாகக் கவாத்து செய்ய வேண்டும், அப்போதுதான் பங்குனி சித்திரையில் அரும்பு பிடிக்கும். மொட்டையடிப்பதற்கு நட்டவர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கவாத்துக் கத்தரி என் வீட்டில் இருக்கிறது. நவம்பருக்குள் பேசிச் சரிக்கட்டலாம் என்று இருக்கிறேன்.